கழுத்துக்கு ஒரு தாங்கி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால மாலையில், தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நாம் குடியிருந்த அரசுக் குடியிருப்புக்கு எதிரே, தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து வழுக்கி விழுந்தார். நம் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகும் பிள்ளை. ஓடி வந்தவர்களில் நால்வர் ஆளுக்கொரு கையும் காலுமாகப் பற்றி, அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற முற்பட்டனர். அந்நால்வரில் நாமும் ஒருவராக இருந்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது முதிய சீக்கிய டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் உரத்த குரலில் நம்மைத் தடுத்தார். ஈரத் தரையில் மண்டியிட்டு, இளைஞரின் தலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்காமலே அமர்ந்திருந்தார்.

வண்டியில் வந்த உதவியாளர் இளைஞரின் தோளுக்கும் மோவாய்க்கும் நடுவே தம் விரல்களை வைத்து அளந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் பட்டையை அதே விரல்களோடு ஒப்பிட்டு, அதன் உயரத்தைச் சற்றே கூட்டிப் பூட்டினார். பிறகே கழுத்தில் அணிவித்தார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதை அது நினைவூட்டியது. அன்றிரவு மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் வந்தார். இளைஞரிடம் சில கேள்விகள் கேட்டார். பிடரியின் நடுக்கோட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே கூட எடுக்காமல் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டார். செய்தியறிந்து ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்த தாயார் கேட்ட கேள்வி இன்னும் நம் காதில் நிற்கிறது: “அண்ணாச்சி, துட்டு கட்டலைன்னு கழத்திட்டாவளோ?”

ஏன் அளந்தார்கள், ஏன் கழற்றினார்கள் என்ற இவ்விரு வினாக்களுக்கும் அன்று நம்மிடம் விடையில்லை. கலைப்பட்டம் பெற்று மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். ஆயினும் அந்த அம்மையாருக்கு ஒழுங்கான பதில் சொல்லியாக வேண்டும் என்று படிக்கத் தொடங்கியபோது, ஒரு முழத் துண்டுக்கும் குறைவான அந்தப் பட்டைக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று இருப்பது தெரிய வந்தது.

வரலாற்றுக்குமுன் கழுத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ. அதனை ஏழு முள்ளெலும்புகள் தாங்குகின்றன. முதல் எலும்புக்கு, வானத்தைத் தோளில் சுமந்ததாகக் கிரேக்கப் புராணம் கூறும் அட்லஸின் பெயர். இரண்டாவதற்கு ஆக்ஸிஸ், அதாவது அச்சு என்று பெயர். தலையைப் பக்கவாட்டில் திருப்பி ‘இல்லை’ என்கிறோமே, அத்திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி இவ்விரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நிகழ்கிறது. முன்னும் பின்னும் அசைத்து ‘ஆம்’ என்பதில் பெரும்பங்கு மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையில் உள்ளது. தலையை இரு தோள்களின் பக்கமாகவும் சாய்த்துச் சாய்த்து நாம் ‘சரி’ என்பது மூன்றாவது வகை. வடக்கே வந்த புதிதில் இந்த மூன்றாவது அசைவைக் கண்டு குழம்பாத அண்டை வீட்டார் நமக்குக் கிடைத்ததில்லை. அதனைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

இந்த ஏழு எலும்புகளின் நடுத்துளை வழியே தண்டுவடம் இறங்குகிறது. பருமனில் அது ஒரு சுண்டுவிரல் அளவே. கைகால்களை இயக்கும் ஆணைகளும், மூச்சை இயக்கும் ஆணைகளும் அவ்வழியேதான் செல்கின்றன. எலும்பு முறிந்தும் தண்டுவடம் பிழைத்திருக்கும் நிலையுண்டு. அந்நிலையில் இருப்பவரைத் தலை தொங்கத் தூக்கினால் என்ன நேரக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நால்வரில் ஒருவராக நின்ற நாம் அதனைப் படித்த இரவில் உறங்கவில்லை.

இந்த அச்சம் மிகப் பழமையானது. 1862ஆம் ஆண்டு எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் எகிப்தின் லக்ஸார் நகரில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட அச்சுருளின் மூலம் அதனினும் பழையது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் என்னும் அறிஞர் அதனை மொழிபெயர்த்து 1930ஆம் ஆண்டு வெளியிட்டார். 48 காயங்களைத் தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக விவரிக்கும் அந்நூலில், கழுத்தெலும்பு இடம் பெயர்ந்தவன் ஒருவனைப் பற்றிய குறிப்பு உண்டு. தன் கைகளையும் கால்களையும் அவன் உணர்வதில்லை. சிறுநீர் தானே கசிகிறது. இவற்றைப் பிழையின்றிக் கண்டெழுதிய மருத்துவர், இது வைத்தியம் செய்யத்தக்க நோயன்று என்று முடித்துவிடுகிறார். கல்நெஞ்சம் என்று அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. செய்ய ஒன்றுமில்லாத இடத்தில் செய்வதாக நடிக்காததும் ஒரு நேர்மையே.

நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை அவ்வாறு கைவிடுவதில்லை. அதன் சிகிச்சா ஸ்தானத்தில் எலும்பு முறிவைக் கூறும் அத்தியாயத்தில், கழுத்து திருகிக்கொண்டாலும் கீழிறங்கிவிட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்ற விதி உள்ளது. பிடரிக் குழியிலும் இரு தாடைகளிலும் பற்றி ஆளை மேல்நோக்கி உயர்த்த வேண்டும். பின்பு சிம்புகளைச் சமமாக வைத்துத் துணிப்பட்டையால் சுற்ற வேண்டும். ஏழு இரவுகள் மல்லாந்தே படுக்கச் செய்ய வேண்டும். முறிந்த கழுத்தை இழுத்து உயர்த்துவது இன்று எவரும் வீட்டில் செய்து பார்க்கத் தக்கதன்று. ஆனால் பற்றும் இடங்களைக் கவனியுங்கள்: பிடரியும் தாடையும். இன்று செய்யப்படும் கழுத்துத் தாங்கிகள் பலவும் தலையைத் தாங்குவது இவ்விரண்டு இடங்களில்தான்.

காரணம் எளியது. கழுத்தைப் பிடித்துக் கழுத்தை நிறுத்த இயலாது. மூச்சுக்குழலும் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்களும் ஓடும் அவ்விடத்தை இறுக்கினால் ஆளே போய்விடுவார். ஆகவே கழுத்துக்கு மேலே தலையையும், கீழே தோளையும் மார்பையும் பற்றி, இரண்டையும் ஒரு பாலத்தால் இணைத்தாக வேண்டும். கழுத்துத் தாங்கியின் வரலாறெல்லாம் அந்தப் பாலத்தைக் கட்டிப் பார்த்த வரலாறே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பாலம் முதன்மையாக விபத்துக்குக் கட்டப்படவில்லை, காசநோய்க்குக் கட்டப்பட்டது. முதுகெலும்பைக் காசநோய் அரித்துச் சரிய வைக்கும் நிலையை 1779ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் விவரித்திருந்தார். மருந்து ஏதும் இல்லாத அக்காலத்தில், சரியும் எலும்பைத் தாங்கி நிறுத்துவது ஒன்றே வழி. நியூயார்க்கின் லூயிஸ் சேயர் 1877ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஒரு முறையைப் பரப்பினார். நோயாளியைத் தலையில் வார் மாட்டி முக்காலியிலிருந்து தொங்கவிட்டு, அந்நிலையிலேயே உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட வேண்டும். கழுத்தில் நோயிருந்தால் அக்கட்டின் முதுகுப் புறத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பி எழும்பித் தலைக்குமேல் வளைந்து வரும். அதன் முனையில் தொங்கும் வார்கள் மோவாயையும் பிடரியையும் ஏந்தும். கப்பலில் பாய்மரம் முறிந்தால் அவசரத்துக்கு நட்டுக்கொள்ளும் மரத்தின் பெயரையே அக்கம்பிக்கு ஆங்கிலத்தில் இட்டனர். வாரின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் தலையை வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். நாம் இன்று பேசும் ‘சரிசெய்துகொள்ளும்’ தாங்கியின் முன்னோருள் இதுவும் ஒன்று.

அதே காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் ஹியூ ஓவன் தாமஸ் என்பவர் வாழ்ந்தார். இவரிடம் நமக்குத் தனி ஈடுபாடு உண்டு. 1834இல் பிறந்த இவர், வேல்ஸ் நாட்டில் ஆங்கில்சி தீவின் எலும்புக்கட்டு வைத்தியப் பரம்பரையில் வந்தவர். நம்மவர் புத்தூர்க் கட்டுக்குச் செல்வதுபோல் அந்தக் குடும்பத்தை நாடி மக்கள் திரண்டனர். பட்டம் பெறாத வைத்தியரான தந்தை, பட்டம் பெற்ற மருத்துவர்களால் வழக்குகளில் இழுக்கப்பட்டார். மகனையோ முறைப்படி மருத்துவம் படிக்க வைத்தார். லிவர்பூல் நெல்சன் தெருவில் இருந்த தம் வீட்டிலேயே தாமஸ் கொல்லுப் பட்டறையும் தோல் வேலை செய்யும் இடமும் வைத்துக்கொண்டு, நோயாளிக்கு நோயாளி அளவெடுத்துக் கருவிகள் செய்தார். ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார். அவர் பெயர் தாங்கிய கால்தாங்கி, அவர் மறைந்த பின் முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த படைவீரர் பலரைக் காத்தது. அவர் பெயரால் வழங்கிய கழுத்துப்பட்டையும் உண்டு. நோயுற்ற மூட்டுக்குக் கட்டாயமான, இடையறாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பது தாமஸின் கொள்கை. மருந்தில்லாத காசநோய்க்கு அது பொருந்தியது. பிற்காலத்தில் கழுத்து வலி என்று வந்த ஒவ்வொருவருக்கும் அதே நீண்ட ஓய்வை விதித்ததே பின்னர் தொல்லையாயிற்று.

1943இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டறியப்பட்டதும் காசநோயின் ஆட்சி தளர்ந்தது. அடுத்துத் தாங்கியைத் தேடி வந்தவர்கள் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே டவ்னி என்னும் ஊரில் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனை உள்ளது. 1888இல் ஏழைகளுக்கான பண்ணையாகத் தொடங்கியது அது. 1950களில் இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களின் புகலிடமாயிற்று. சால்க்கின் தடுப்பூசி 1955இல் வந்துவிட்டது. ஆனால் ஊசி வருமுன் நோயுற்றவர்களை அது எழுப்பிவிடாதல்லவா? அவர்களுள் சிலருக்குக் கழுத்துத் தசைகள் அறவே செயலற்றுத் தலை நிற்காமல் சரிந்தது. கழுத்தெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து ஒட்டவைப்பது வழி. ஒட்டும்வரை மாதக்கணக்கில் அவை அசையாதிருக்க வேண்டும். எந்தப் பட்டையும் அதற்குப் போதவில்லை. இப்பணியை ஏற்றவர்கள் வெர்னன் நிக்கல், ஜாக்குலின் பெர்ரி என்னும் இருவர். அம்மையார் போர்க்காலத்தில் உடலியக்கச் சிகிச்சையாளராகப் பணியாற்றிப் பின்னர் மருத்துவம் படித்தவர், 2013இல் மறைந்தார்.

இவர்கள் 1959இல் விவரித்த கருவி, மோவாயையும் பிடரியையும் விட்டுவிட்டு மண்டையோட்டையே பற்றியது. தலையைச் சுற்றி ஓர் உலோக வளையம். அதிலிருந்து நான்கு திருகூசிகள் மண்டையோட்டின் வெளியேட்டில் மட்டும் பதியும். வளையத்தை உடம்பின் மாவுக்கட்டோடு கம்பிகள் இணைக்கும். அக்கம்பிகளின் மூட்டுகளைத் தளர்த்தித் தலையைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்தி, எக்ஸ்ரேயில் எலும்புகள் நேர்ப்பட்டதும் இறுக்கிவிடலாம். பிற்காலத்தில் மாவுக்கட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் மார்க்கவசம் வந்தது. ஊசியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அளவுகாட்டும் திருப்புளியும் வந்தது. கேட்க அச்சமூட்டினும், அணிந்தவர் எழுந்து நடமாடலாம். இக்கருவிக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் தெய்வ வடிவங்களின் தலைக்குப் பின்னால் வரையும் ஒளிவட்டத்தின் பெயர். தமிழில் என்ன சொல்வது? திருவாசி என்று எழுதி மகிழ ஆசைதான். நோயாளிக்கு விளங்கவேண்டுமே என்று ‘தலை வளையம்’ என்றே எழுதி வருகிறோம்.

மூன்றாவதாக வந்தது மோட்டார் வண்டி. சாலை விபத்துகள் பெருகப் பெருக, வழியிலேயே விரைந்து மாட்டக்கூடிய இலேசான தாங்கி தேவைப்பட்டது. பிளாஸ்டிக் நுரைத் தகடுகளும், 1950களில் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் உருவாக்கிய ஒட்டுப்பட்டை வெல்க்ரோவும் அதனை இயல்வித்தன. முன்பாதி, பின்பாதி என இரு துண்டுகளாய்ப் பிடரியையும் மோவாயையும் ஏந்தி, மூச்சுக்குழலுக்கு நேரே துளை விட்ட ‘பிலடெல்பியா’ பட்டை 1970களில் பரவியது.

இவற்றைப் பற்றிக் கேட்டாக வேண்டிய வினா ஒன்று இருந்தது: இவையெல்லாம் உண்மையிலேயே கழுத்தை நிறுத்துகின்றனவா? 1977இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலின் ஜான்சனும் உடன் உழைத்தோரும் நலமுள்ளவர்களுக்கு ஒவ்வொரு தாங்கியாக அணிவித்து அளந்து பார்த்தனர். கடைகளில் வாங்கும் மென்மையான ஸ்பாஞ்சுப் பட்டை, முன்பின் அசைவில் நூற்றுக்கு 26 பங்கைத்தான் குறைத்தது. திருப்பத்தில் 17 பங்கு. பக்கச் சாய்வில் வெறும் 8 பங்கு. பிலடெல்பியா பட்டை முன்பின் அசைவை 71 பங்கு குறைத்தது; பக்கச் சாய்வில் 34 பங்கோடு நின்றுவிட்டது. மார்பிலிருந்தும் முதுகிலிருந்தும் நான்கு திருகுகம்பங்கள் எழும்பித் தலையைத் தாங்கும் தாங்கி சற்றுச் சிறந்தது. தலை வளையம் ஒன்றே மூன்று அசைவுகளையும் 96 பங்குக்குக் குறையாமல் தடுத்தது. நம்முடைய ‘சரி’ என்னும் தலையசைப்பை மென்பட்டையால் தடுக்கவே முடியாது என்பதை இவ்வெண்களிலிருந்து நாம் அறிந்து, சற்றே சிரித்தும் கொண்டோம். தலை வளையத்திலும் ஒரு குறை உண்டு. தலையும் மார்பும் நிலைத்திருக்க, இடையிலுள்ள எலும்புகள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாய்ப் பாம்புபோல் நெளியக்கூடும்.

ஸ்பாஞ்சுப் பட்டையின் பயன்தான் யாது? பிடித்து நிறுத்துவதைவிட, ‘கழுத்தைத் திருப்பாதே’ என்று அணிந்தவருக்கு நினைவூட்டுவதே அதன் வேலை. மேசைமேல் குனிந்து கோப்பு எழுதும் நம் வகுப்பினரில் பலர் அதனை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். நெடுநாள் ஓய்விலிருக்கும் தசை மெலியும். டாக்டர் குறித்த நாளுக்குமேல் அதனைச் சுமப்பதில் ஆதாயமில்லை.

இனி, அளவெடுத்த கதைக்கு வருவோம். பட்டை அளவுக்கு மேல் உயரமாயின் தலையைப் பின்னோக்கித் தள்ளிக் கழுத்தை இழுக்கும். குட்டையாயின் மோவாய் உள்ளே புதைந்து தலை முன்சாயும். ஆகையால் ஆம்புலன்ஸ் வண்டிகள் பல அளவுப் பட்டைகளைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு கிடைத்தால் அதிர்ஷ்டம். இக்குறையைத் தீர்க்கவே ஒரே பட்டையில் மோவாய்த் தாங்கி ஏறி இறங்கிப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு வந்தது. டென்மார்க் நாட்டு நிறுவனம் ஒன்றின் பட்டையில் இவ்வாறு 16 நிலைகள் உண்டு. நோயாளியின் தோள்மட்டத்துக்கும் மோவாய் மட்டத்துக்கும் இடையே எத்தனை விரல் கொள்கிறதோ, அத்தனை விரல் உயரத்தில் பட்டையைப் பூட்ட வேண்டும். அன்று அந்த உதவியாளர் செய்தது அதுவே. முதுமையாலோ மூட்டுநோயாலோ முன்னரே கூனிய கழுத்துக்கு இவையும் பொருந்தா. அதனை நேராக்க முயல்வதே கேடு. துணியை மடித்து, உள்ளபடியே தாங்க வேண்டும்.

அதன் பின்னரும் ஐயம் தீரவில்லை. 1998இல் ஹாஸ்வால்டும் உடனாய்வாளர்களும் ஒரு விசித்திர ஒப்பீட்டை வெளியிட்டனர். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் முதுகெலும்புக் காயத்தோடு வந்த 334 பேரும் கட்டி நிறுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். மலேசியாவின் கோலாலம்பூரில் 120 பேரில் ஒருவருக்கும் அவ்வாறு செய்யப்படவில்லை. ஊனமாக்கும் நரம்புச் சேதம் முன்னவரில் நூற்றுக்கு 21, பின்னவரில் 11. இரு நாட்டு நோயாளிகளும் ஒத்தவரல்லர் என்று மறுத்தோர் பலர், அம்மறுப்பும் நியாயமே. பட்டை வேண்டாம் என்று இதனால் நிறுவப்படவில்லை. ஆனால், மாட்டினால் நன்மையே என்ற நம்பிக்கை அசைந்தது. உச்சி மூட்டு அறுந்த சடலங்களில் பட்டை மாட்டியபோது முதல் இரு எலும்புகளும் சராசரி 7.3 மில்லிமீட்டர் விலகின என்று 2010இல் மற்றொரு குழு காட்டியது. தலையில் அடிபட்டவருக்கு இறுக்கிய பட்டை மூளையின் அழுத்தத்தைக் கூட்டுவதும், நெடுநேரம் கிடந்தால் மோவாயிலும் பிடரியிலும் புண் உண்டாவதும் தெரிய வந்தன.

யாருக்குத் தேவையில்லை என்பதும் ஆராயப்பட்டது. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 34,069 பேர் சேர்க்கப்பட்டனர். 818 பேருக்குக் கழுத்தெலும்புக் காயம் இருந்தது. பிடரி நடுவில் தொட்டால் வலியில்லை, போதையில்லை, தெளிவாய் விடை சொல்கிறார், கைகால் உணர்விலும் வலிமையிலும் குறையில்லை, கவனத்தை ஈர்க்கும் வேறு பெருங்காயமில்லை. இவ்வைந்தும் பொருந்தினால் எக்ஸ்ரே இன்றியே விடலாம் என்ற விதி, 818 பேரில் எட்டுப் பேரைத் தவிர எல்லோரையும் கண்டுபிடித்தது. அவ்வெட்டிலும் கவலைக்குரியவை இரண்டே. நம் இளைஞரிடம் டாக்டர் கேட்ட கேள்விகள் இவையே. விரலால் அழுத்தியதும் இதற்கே.

இதனைத் தாயாருக்குத் தொலைபேசியில் சொன்னபோது நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “அந்த சர்தார்ஜிக்கு ஒரு வேட்டி துண்டு வாங்கிக் குடுங்க அண்ணாச்சி” என்றார். வாங்கினோம், அவரைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் ஆயின.

2018இல் அமெரிக்காவின் அறுவைச் சிகிச்சையாளர், அவசர மருத்துவர் அமைப்புகள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. ‘முதுகெலும்பை அசைவற்று நிறுத்துதல்’ என்று அதுகாறும் வழங்கிய தொடரை விடுத்து, ‘அசைவைக் கட்டுப்படுத்துதல்’ என்ற தொடரை அது ஏற்றது. உயிருள்ள கழுத்தை எக்கருவியாலும் அறவே நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டதே அம்மாற்றத்தின் பொருள். நம் கைக்கு வந்த முதலுதவிக் கையேடு ஒன்றில் பழைய தொடரே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதனை ‘கழுத்தை அசையாது கட்டி நிறுத்துக’ என்று மொழிபெயர்த்தவரும் நாமே. மறுபதிப்புக்கு வந்தபோது அவ்வரியை அடித்துவிட்டு, ‘தூக்காதீர், தலையை இரு கைகளாலும் உள்ள நிலையிலேயே தாங்கி, உதவி வரும்வரை அசைவைக் குறையுங்கள்’ என்று எழுதினோம். மூலத்தில் இல்லாத ‘தூக்காதீர்’ எங்கிருந்து வந்தது என்று மேலதிகாரி கேட்டார். கோப்பில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறோம்.